நாகப்பன் காயவைத்த தக்காளி

செவ்வாய், விஜயநகர்.

படுத்துப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை.

போன மாதம்தான் மார்டள்ளியில் நாகப்பன் தோட்டத்தில் எங்கள் தொண்டு நிறுவனம் சார்பில் சோலார் டிரையர் வைத்தோம். விலை விழுந்தால் தக்காளியை ரோட்டில் கொட்ட வேண்டாம், நறுக்கிக் காயவைக்கலாம் என்று ஊரைக் கூட்டிப் பேசியவள் நான். முதல் தட்டை அடுக்கியவர் அவர்.

இன்று போனால் டிரையர் காலி. பக்கத்திலேயே தக்காளி குவியலாக அழுகிக் கிடந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இவ்வளவு சொல்லிக் கொடுத்தும் இப்படி விட்டுட்டீங்களே" என்று அவர் மனைவி ராசம்மாவிடம் சத்தம் போட்டேன்.

"அவரு போன வாரம் போயிட்டாருங்க. நெஞ்சு வலின்னாரு, அவ்வளவுதான். எழவு வுழுந்த வூட்டுல வருசம் திரும்பற வரைக்கும் வத்தல் போடக் கூடாதுங்களே."

இது வத்தல் இல்லை, மிஷின் என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை.

ராசம்மா உள்ளே போய் ஒரு பாக்கெட்டை எடுத்து வந்தார். நாகப்பன் காயவைத்து, அவரே ஒட்டியது.

"இது எத்தன நாளைக்குக் கெடாதுங்க?"

"ஒரு வருசம்" என்றேன். பயிற்சியில் எல்லோருக்கும் சொல்கிற பதில்.

"அப்ப வருசத் தெவசத்துக்கு இதையே கொழம்பு வெச்சு அவருக்குப் படைச்சரலாங்க" என்று மடியில் வைத்துக்கொண்டார்.

அதை வாங்கி அழுத்திப் பார்த்திருக்க வேண்டும். எனக்குக் கை நீளவில்லை. நாகப்பன் காயவைத்தது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் ஈரம் நின்றிருந்தாலும் பூஞ்சை பிடித்துவிடும். நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். காய்ந்துதான் இருக்கும்.