வாசற்படி லிஃப்ட்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ எப்படி இருக்கிறாய், மாப்பிள்ளைக்கு முதுகுவலி தேவலையா? இங்கே நலம் என்று எழுதத்தான் கை போகிறது, முக்கால்வாசி நலம் என்று வைத்துக்கொள்.

அப்பா செய்த வாசற்படி லிஃப்டின் போட்டோவில் நான் சக்கர நாற்காலியோடு பலகைமேல் சிரித்துக்கொண்டிருக்கிறேன் அல்லவா, அது ஏறுவதற்கு முன்னால் எடுத்தது. அதற்குப் பிறகு நடந்ததை அவர் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார். பலகையைத் தூக்க, பக்கத்துக்கு ஒன்றாக, மோட்டாரில் நீளும் இரண்டு தண்டுகள், இரண்டுக்கும் ஒரே சுவிட்ச். ஒன்று முந்தும் அப்பா என்று நீ போனில் படித்துப் படித்துச் சொன்னாய். ரெண்டும் ஒரே பெட்டியில வந்ததும்மா, இதுக்கு மேல என்ன பொருத்தம் வேணும் என்று சிரித்தார். மணல் மூட்டையை நட்டநடுவில் வைத்து ஏற்றிப் பார்த்தார், அழகாக ஏறியது. நான் என்ன மூட்டையா, வலது இடுப்பு உடைந்ததிலிருந்து இடது பக்கமே சாய்ந்து உட்காருகிறவள். இடது தண்டு திணற, வலது தண்டு விறுவிறுவென்று ஏற, பலகை இடது பக்கம் சரிந்து நாற்காலி சறுக்கி ஓரக் கம்பியில் முட்டி நின்றது. எனக்கு முழங்கையில் சிராய்ப்புதான், அவருக்குத்தான் முகம் செத்துப்போய்விட்டது.

இப்போது தண்டுக்கு ஒரு சுவிட்சாக மாற்றி, பலகையில் ஒட்டிய ரசமட்டத்தின் குமிழியைப் பார்த்துப் பார்த்து, முந்துவதை நிறுத்தி நிறுத்தி என்னை ஏற்றி இறக்குகிறார். போன வாரம் பாதி உயரத்தில் குமிழி வலது ஓரத்துக்கே போய்விட்டது, அவர் நிறுத்தவேயில்லை. நான் கத்திய பிறகுதான் கையை எடுத்தார். அன்றிலிருந்து, குமிழி எங்க நிக்குதுன்னு நீயே சொல்லிக்கிட்டு வா, உனக்குத்தானே பக்கம் என்கிறார். பக்கமாவது தூரமாவது. டீயைக் கோப்பைக்கு வெளியே ஊற்றுகிறார், பேப்பரில் தலைப்போடு நிறுத்திக்கொள்கிறார். டாக்டர் என்றாலே எரிந்து விழுகிறார். கண் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டால் நான் ஏற மாட்டேன் என்று அவருக்குப் பயம். நான் ஏறாவிட்டால் மனுஷன் ஒடிந்துபோவார் என்று எனக்குப் பயம். அதனால் ஒவ்வொரு முறையும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தபடி ஏறுகிறேன்.

எவ்வளவு நீண்டிருக்கிறோம் என்று தாங்களே அளந்து, முந்தியது பிந்தியதற்காகக் காத்திருக்கும் தண்டுகள் இருக்கின்றன என்றாயே, அவற்றை உடனே அனுப்பு. நான் கேட்டதாகச் சொல்லாதே, மாட்டிப் பார்த்துச் சொல்லுங்கப்பா என்று கேள், குளிர்ந்துபோவார். கண் விஷயத்துக்கு நீ லீவு போட்டு வந்தே ஆக வேண்டும், என் பேச்சு எடுபடாது.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள். என்ன எழுதினே என்று அப்பா இப்போதுதான் கேட்டார். வருவது வரட்டும் என்று கடிதத்தையே நீட்டினேன். முதல் வரியிலிருந்து நிதானமாகக் கண்ணை ஓட்டிவிட்டு, எல்லாம் சரி, மாப்பிள்ளையை ஒரு வார்த்தை விசாரிச்சிருக்கலாமே என்று திருப்பிக் கொடுத்தார்.

சீக்கிரம் வா.

உன் அம்மா