மாடி ஸ்டேஷனுக்குக் கிழக்கே ஒரு படிக்கட்டு

அனுப்புநர்:
வெ. தங்கையன்,
விவசாயி,
கீழக்கரைத் தெரு, கொற்றமங்கலம்,
நன்னிலம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு கோட்டப் பொறியாளர் அவர்கள்,
இரயில்வே கட்டுமானப் பிரிவு.

பொருள்: கொற்றமங்கலம் நகர இரயில் நிலையத்தின் கிழக்குப் பக்கம் படிக்கட்டு அமைத்துத் தரக் கோருதல் – மூன்றாவது மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தாங்கள் இப்பிரிவுக்குப் புதிதாக வந்திருப்பதாக அறிகிறேன். ஆகவே முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். அறுபத்தொன்றாம் வருட வெள்ளம் பழைய தண்டவாளத்தை அரித்துக்கொண்டு போனது. அதன்பின் நகரத்துக்குள் பதினோரு வளைவுக் கண் வைத்துப் பாலம் கட்டி, அதன்மேல் ஸ்டேஷனை அமைத்தார்கள். தரையிலிருந்து மேடை இருபத்து நான்கு அடி உயரம். டிக்கெட் கொடுக்கும் அறை நான்காம் கண்ணுக்கு அடியில் இருக்கிறது. மேற்கே கடைத்தெருப் பக்கம் நாற்பத்திரண்டு படிகள் உள்ளன. கிழக்கே நாங்கள் நூற்றுப்பத்துக் குடும்பங்கள் இருக்கிறோம். எங்களுக்கு ஒரு படிகூட இல்லை. ஊரில் இதை மாடி ஸ்டேஷன் என்பார்கள். எங்கள் தெருவுக்கு அது அண்ணாந்து பார்க்கிற ஸ்டேஷன்தான்.

2. என் முந்தைய இரண்டு மனுக்களுக்கும் "ஏழாம் கண் வழியாகப் பொதுப்பாதை உள்ளது" என்றே பதில் வந்தது. அந்தப் பாதை வரைபடத்தில் ஏறியதற்கு நானே காரணம். இதை மறைக்க எனக்கு அவசியமில்லை.

1966 மே மாதம் அளவெடுக்க வந்த அதிகாரி வெளியூர்க்காரர். ஏழாம் கண் இப்போது நிற்கும் இடத்தில் வாய்க்கால் காய்ந்து, ஓரமெல்லாம் மணலாகக் கிடந்தது. அதில் சைக்கிளும் ஆடுமாடும் போய்க்கொண்டிருந்தன. "இது வழிதானா?" என்று கேட்டார். "ஆமாங்க, எங்க அப்பாரு காலத்துலேருந்து இதாங்க வழி" என்றேன். நான் சொன்னது பொய்யல்ல. கோடையில் வாய்க்கால்தான் எங்களுக்கு ரோடு. அவர் தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வாய்க்காலில் தண்ணீர் வரும் என்பதை ஒருவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று எங்கள் ஊரில் எவனுக்கு ஐயா தோன்றும்? நடுவில் நீர் ஓடும், ஓரத்தில் ஜனங்கள் நடப்பார்கள் என்று அவர் கோடு போட்டுக்கொண்டு போய்விட்டார்.

3. ஜூனில் மேட்டூர் திறந்தால் பத்து நாளில் ஏழாம் கண் இரு சுவரும் தொட்டு ஓடும். ஆழம் மார்பளவு. தை மாதம் வரை இதே நிலைதான். மற்றக் கண்களையெல்லாம் சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள். தெற்கே மதகுப் பாலம் சுற்றி வந்தால் மூன்று கிலோமீட்டர். ஆய்வுக்கு இருமுறை அதிகாரிகள் வந்தார்கள், ஒருமுறை மார்ச்சில், மறுமுறை மே மாதத்தில். இரண்டு தடவையும் செருப்பு நனையாமல் நடந்து பார்த்து, பாதை நன்றாக இருப்பதாக எழுதினார்கள். நன்றாகத்தான் இருந்தது, நான் இல்லையென்று சொல்லவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் மீரா உசேன் அவர்கள் நல்ல மனிதர். அவரும், "தங்கையன், வரைபடத்துல வழி போட்டிருக்கே, நான் என்னன்னு எழுதறது?" என்று கையை விரிக்கிறார்.

4. என் மகள் நீலாம்பாள் திருவாரூரில் ஆசிரியர் பயிற்சி படிக்கிறாள். எங்கள் தெருவிலிருந்து அந்தப் படிப்புக்குப் போன முதல் பிள்ளை அவள். சென்ற ஆவணியில் ஒருநாள் வாய்க்காலில் இறங்கிக் கடந்து, ஈரப் புடவையோடு நாற்பத்திரண்டு படியும் ஏறினாள். மேடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அதன்பின் அவள் சுற்றிக்கொண்டுதான் போகிறாள். 7.10 வண்டி அவளுக்காக நிற்பதில்லை. அந்தப் பருவத்தில் முப்பத்தொரு நாள் வருகை போயிற்று. இந்த வருடமும் அப்படி நேர்ந்தால் இறுதித் தேர்வு எழுத முடியாது என்று பள்ளியில் எழுத்து மூலம் தெரிவித்துவிட்டார்கள். கடிதத்தின் நகலை இணைத்துள்ளேன்.

5. கிழக்கே படிக்கட்டு இறங்க நிலம் இல்லை என்பது இலாகா சொல்லும் மற்றொரு காரணம். நிலம் இருக்கிறது. எட்டாம் கண்ணை ஒட்டிய நான்கு சென்ட் என்னுடையது. எங்களைக் காலி செய்யச் சொன்ன பண்ணையோடு மூன்று வருடம் மல்லுக்கட்டி, குடியிருப்புச் சட்டப்படி என் பெயருக்குப் பட்டா வாங்கிய இடம். அதில் நின்ற மாட்டுக் கொட்டகையை நேற்றே பிரித்துவிட்டேன். இடத்தை இரயில்வேக்கு விலையின்றி எழுதித் தருகிறேன். மண்வேலைக்குத் தெருவே வந்து நிற்கும். கரை கட்டுவதில் எங்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

6. ஆகவே, தண்ணீர் வருமுன் வேலையைத் தொடங்க ஆணையிடுமாறு வேண்டுகிறேன். நான் சொல்வதில் ஐயமிருந்தால், வருகிற ஜூன் இருபத்தைந்தாம் தேதி காலை ஏழு மணிக்குத் தாங்களே எங்கள் தெருவுக்கு வந்து, அங்கிருந்து 7.10 வண்டியைப் பிடித்துப் பார்க்கலாம். மாற்று வேட்டி நான் தருகிறேன்.

எங்கள் தெரு இதுவரை அரசாங்கத்துக்கு எழுதிய மனுக்களெல்லாம் இடம் கேட்டு எழுதியவை. இடம் கொடுக்கிறோம் என்று எழுதுவது இதுவே முதல் தடவை. வாங்கிக்கொள்ளுங்கள் ஐயா.

இடம்: கொற்றமங்கலம்
நாள்: 24.4.1975

தங்கள் உண்மையுள்ள,
வெ. தங்கையன்

இணைப்பு: பட்டா நகல், பயிற்சிப் பள்ளிக் கடித நகல், தெருவார் கையொப்பமும் கைநாட்டும் – 204.