காய்த்துக் குலுங்கிய மரத்தை அறுத்த நாள்

அன்றைக்குத் தோட்டத்தில் இருந்தவர்கள் நான், என் மருமகள் கஸ்தூரி, என் கொழுந்தன் முனிரத்தினம், மரம் அறுக்க மெஷினோடு வந்த சுப்பிரமணி, அப்புறம் நீ. வேறு யாரும் இல்லை. ஊரே வந்து நின்றது என்று பிற்பாடு சிலர் சொல்லிக்கொண்டார்கள், பொய். இன்று காலை நம் தோட்டத்துச் சாத்துக்குடி ஒன்றை உரித்தேன். தோல் வாசனை கட்டைவிரலில் ஏறியதும் அந்த ஐந்து பேரும் அவரவர் இடத்தில் வந்து நின்றுவிட்டார்கள். அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

என் பங்கில், கிணற்றோரம் நின்ற அந்த மரத்தை நீ மறந்திருக்கமாட்டாய். சுற்றிலும் மரங்கள் இலை வெளுத்து நுனியிலிருந்து காய்ந்துகொண்டு வந்தபோது அது ஒன்று மட்டும் கிளை ஒடிகிற மாதிரி காய்த்தது. முனிரத்தினம் அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தான், லட்சுமி என்று பேர் விட்டான். அதிலிருந்தே ஒட்டுக்குச்சி வெட்டித் தன் பங்கு நிலம் முழுக்கப் புதுக் கன்று கட்டினான். நானும் சரி என்றுதான் நினைத்தேன். காய்க்கிற மரத்தில் குச்சி எடுக்காமல் வேறு எதில் எடுப்பார்கள்?

நீ திருப்பதியிலிருந்து, பழ ஆராய்ச்சிப் பண்ணை ஜீப்பில் வந்து இறங்கினாய். முதல் நாள் உன்னை மேடம் என்றேன். நீ உன் சத்தியவேட்டுப் பேச்சில் என்னை ஆயா என்றாய். ஒட்டுக்கத்தி உன் விரலைக் கீறி, நான் புடவைத் தலைப்பைக் கிழித்துக் கட்டிவிட்ட நாளோடு மேடம் போய் ‘நீ’ வந்துவிட்டது.

லட்சுமியின் பட்டையில் ஒரு துண்டு எடுத்துப்போய், பண்ணையில் ஒரு நாட்டு எலுமிச்சங்கன்றில் ஒட்டினாய், நோய் இருந்தால் அதன் இலை காட்டிக்கொடுக்கும் என்று. சில வாரம் கழித்து அந்தக் கன்றின் இளம் இலைகளைக் கவரில் போட்டுக்கொண்டு வந்தாய். ஒன்றை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தாய். நரம்பு ஒரே கோடாக ஓடாமல் துண்டு துண்டாக, கண்ணாடி மாதிரி வெளிச்சத்தை விட்டது.

“இதான் ஆயா வைரஸ். இதுக்கு மருந்து கெடையாது. அசுவினிப் பேன் ஒரு மரத்துல உறிஞ்சிட்டுப் போயி அடுத்த மரத்துல குத்தும். நாமளே குச்சி வெட்டி ஒட்டினோம்னா பேன் கூடத் தேவையில்ல.”

“அப்புறம் எப்படி இந்தக் காய் காய்க்கிது?”

“சாவறதுக்கு முன்னால இருக்கறதெல்லாம் கொட்டிட்டுப் போவுது.”

அன்றைக்கு முழுக்கக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஸ்ரீ சிட்டி கம்பெனியில் வேலைக்குப் போன என் மகன் நிலத்தை விற்றுவிடச் சொல்லிக்கொண்டே இருந்தான். இருக்கிற மரத்தையெல்லாம் அறுத்து, புதுக் கன்று வைத்து, அதுவும் செத்தால் நிலம் கைவிட்டுப் போவது நிச்சயம். அப்படியும் மறுநாள் சுப்பிரமணியை வரச் சொன்னேன்.

முனிரத்தினம் மரத்துக்கு முன்னால் வந்து நின்றுகொண்டான்.

“அண்ணி, புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? காய் தொங்கிக்கினு கீது, அத்தப் போயி அறுக்கச் சொல்ற.”

“என் பங்குல கீது, நான் அறுக்கறேன். நவுரு.”

“ஜீப்புல வர்றவங்க பேச்சக் கேட்டீன்னா மண்ணத்தான் துன்னணும்.”

கஸ்தூரி வாய் சும்மா இருக்குமா? “துன்னா நாங்க துன்றோம் சின்ன மாமா. உங்களப் பந்திக்குக் கூப்பிட மாட்டோம்” என்றாள். சுப்பிரமணி சிரித்துக்கொண்டே மெஷினைக் கிளப்பினான்.

மரம் விழுந்ததும் நீ பட்டையை உரித்தாய். உள்ளே கட்டை முழுக்க ஊசியால் குத்தின மாதிரி குழி. முனிரத்தினத்தைக் கூப்பிட்டுத் தடவிப் பார்க்கச் சொன்னாய். தடவினான். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு போனான். கண்ணால் பார்த்தும் தன் பக்கம் ஒரு மரத்தைக்கூட அவன் அறுக்கவில்லை.

என் பங்கில் மீதி மரங்களையும் அறுத்து முடித்தபின், வலைக்கூண்டுக்குள் பேன் நுழையாமல் வளர்த்த தாய்மரத்தின் மொட்டுக்கண் ஒட்டிய கன்றுகளை நீ கொண்டுவந்து இறக்கினாய். வேலியோரம் அடர்த்தியாகச் சோளம் விதைக்கச் சொன்னாய், அவன் பக்கத்திலிருந்து வருகிற பேன் முதலில் சோளத்தில் வாயைத் துடைத்துக்கொள்ளட்டும் என்று. அப்படியும் ஓரத்தில் ஒரு கன்றுக்கு நோய் வந்தது. அதை வேரோடு பிடுங்கினது நீதான், அழுதுகொண்டே. முதல் பூவையெல்லாம் கிள்ளச் சொன்னாய். கிள்ளினேன், உன்னைத் திட்டிக்கொண்டே.

“இன்னும் எத்தினி வருஷம் கன்னுக்கு நடுவுல வேர்க்கடலயே போட்டுக்கினு இருக்கறது?”

“மரம் நிக்கட்டும் ஆயா. நீ லோடு ஏத்தற அன்னைக்கு நான் வந்து நிக்கறேன்.”

நீ வரவில்லை. அந்த வருஷமே படுத்தாய், மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டாய்.

இப்போது கேள். மரம் நிற்கிறது. உன் இடத்துக்கு வந்த பையன் இலை எடுத்துப்போய்ப் பார்த்து, ஒன்றில்கூட நோய் இல்லை என்றான். போன வாரம் திருப்பதிக்கு லோடு போனது. நானும் லாரியில் ஏறிப் போனேன். மண்டிக்காரர் ஒரு காயை அறுத்து வாயில் போட்டுக்கொண்டு, “ஏம்மா, எக்கடி காயலு இவி?” என்று எந்த ஊர்க் காய் என விசாரித்தார். “மாவே” என்றேன், எங்களுடையதுதான் என்று. மண்டியில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். மகன் இப்போது விற்பதைப் பற்றி வாய் திறப்பதில்லை. லீவு போட்டுக்கொண்டு வந்து கவாத்து வெட்டுகிறான்.

முனிரத்தினத்தின் மரங்கள் காய்ந்து போய்விட்டன. வாசலில் வந்து நின்று, “அண்ணி, கன்னு எங்க வாங்கின?” என்றான். “மொதல்ல கீறதெல்லாம் அறு” என்றேன். அறுத்தான். கடைசிக் கட்டை வண்டியில் ஏறுகிற வரைக்கும் வேலியில் நின்று பார்த்தேன். பிறகு நானே பண்ணைக்குக் கூட்டிப்போய்க் கன்று வாங்கித் தந்தேன், இலையை வெயிலில் எப்படிப் பிடிப்பது என்று காட்டியும் கொடுத்தேன். அவன் மரத்து நோய் வேலி தாண்டி என் மரத்துக்கு வரும் என்று சொன்னவள் நீதானே. இப்போது நம் பக்கம் நோய் மரம் ஒன்றுகூடக் கிடையாது. இதைக் கண்ணால் பார்க்க நீ இருந்திருக்கலாம்.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். உன்னை எடுத்த அன்று, பஸ் ஸ்டாப் டீக்கடையில், நான் பின்னால் நிற்பது தெரியாமல் ஒருவன் பேசினான். “காய்க்கிற மரத்த அறுத்த பாவம் சும்மா வுடுமா? அவளயே வாரிக்கினு போச்சு.” நீ காட்டித் தந்தது என் கையில் இருக்கிற மாதிரி அந்தப் பேச்சு என் காதில் இருக்கிறது. நிலத்தை விற்கச் சொன்ன மகனை மன்னித்துவிட்டேன். உன்னைப் பைத்தியம் என்ற ஊர்க்காரர்களையும் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு அப்படிப் பேசின முனிரத்தினத்தை மன்னிக்கமாட்டேன்.