மாதாவுக்குக் கொடுத்த கப்பல்

சித்தூர்
24-8-1975

அன்புள்ள மேரிக்கு,

நான் சுகம். இந்த மலையாளத்துச் சித்தூரில் கல்லூரி விடுதியில் சமையல் வேலை நடக்கிறது. பையன்கள் கேட்பது குழம்பும் மோரும்தான். பங்களா பட்லராகத் துரைக்குப் புட்டிங் செய்த கைக்கு இங்கே மதிப்பில்லை. உன் முழங்கால் எப்படி? எண்ணெய் தேய்க்காமல் கொழுந்தெடுக்கப் போகாதே.

உன்னிடம் விட்டுவந்த அந்தச் சின்ன மாதிரிக் கப்பல் நினைவாகவே இருக்கிறேன். சீமைக்குத் திரும்பும்போது துரை எவ்வளவோ சாமானில் அதை மட்டும் என் கையில் கொடுத்தார். கரையோரம் ஆள் ஏற்றிப் போகும் நீராவிக் கப்பலைக் கட்டுவதற்கு முன்னால், அவர் தாத்தாவின் பட்டறையில் மாதிரிக்குச் செய்தது. நீ கூடையோடு பங்களா ஜன்னலில் எட்டிப் பார்த்து, "ரெண்டு பக்கமும் சக்கரம் இருக்கே, இது கப்பலா வண்டியா?" என்று கேட்டாயே! நான் சிரித்த சிரிப்புக்குத் துரைசாணி ஏசினாள். நம் கல்யாணமே அந்தச் சிரிப்பால் வந்ததுதான்.

புது மானேஜர் என்னைக் களைவெட்டச் சொன்னதை நான் மறக்கவில்லை. வெள்ளை உடுப்போடு நின்ற இடத்தில் மண்வெட்டியோடு நிற்க என்னால் ஆகாது. இங்கே ஓர் அறை பார்த்துவிட்டேன். வேலையை விட்டுவிட்டுக் கப்பலோடு வந்துவிடு.

உன்
இன்னாசிராஜ்

மேல்கரை எஸ்டேட்
12-9-1975

பிரியமான அத்தானுக்கு,

காலுக்கு ஒன்றும் இல்லை. பேச ஆள் இல்லாமல் வாய்தான் வலிக்கிறது.

திட்டுவதை முதலிலேயே திட்டிவிடுங்கள். கப்பலை மாதாவுக்குக் கொடுத்துவிட்டேன். நீங்கள் திரும்பி வரவேண்டும் என்று நேர்ந்துகொண்டேன். உங்களுக்குப் பிரியமானதைக் கொடுத்தால்தானே மாதா நம்புவாள்?

கோவிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் ஒப்பவில்லை. "வேளாங்கண்ணி மாதா காப்பாத்துனது பாய்மரக் கப்பல்லா? இதுல பாய் எங்க?" என்றார். "சக்கரம் வச்ச கப்பல்னா மாதா கைவிட்டுருவாளாக்கும்?" என்று கேட்டேன். லயத்து வீடெல்லாம் சிரித்தது. கடைசியில் அவரே மாதா திருநாள் சப்பரத்தில் இடம் ஒதுக்கினார்.

காணிக்கையைக் கொடுக்கிற வீட்டு ஆண்தான் சுமக்கவேண்டும் என்பது இங்கே வழக்கம். எங்கள் வீட்டு ஆண் சித்தூரில் இருக்கிறார். சும்மாடு கட்டி நானே கோவிலுக்குத் தலையில் தூக்கிப் போனேன். எல்லாரும் பார்த்தார்கள்.

நான் மலையை விட்டு இறங்குவதாக இல்லை. பங்களா பட்லருக்கு வாழ்க்கைப்பட்ட பிறகும் நான் கூடையை இறக்கவில்லை, அதில் எனக்கு வெட்கமும் இல்லை. உங்களுக்கு மட்டும் ஏன்?

மேரி

சித்தூர்
30-9-1975

மேரி,

உன் கடிதத்தைப் பார்த்துக் கோபம் தலைக்கேறியது. என்னைக் கேட்காமல் எப்படிக் கொடுக்கலாம்? கப்பலை எடுத்து வந்துவிடுவது என்று சனிக்கிழமை உடுமலை வழியாக மலையேறினேன். ஆமாம், வந்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் கடைசி வரிசையில் நின்றேன்; பக்கத்து மேசைமேல் கப்பல் இருந்தது.

அதன் பித்தளைக் கம்பியை யாரோ சாம்பல் போட்டுத் தேய்த்துக் கீறல் விழுந்திருந்தது. மேல்தளத்தில் பிள்ளைகள் தேயிலைப் பூவை வரிசையாக வைத்திருந்தார்கள். ஒரு பெரியவர் அந்தச் சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பங்களாவில் என்னைத் தவிர யாரும் அதைத் தொட்டதில்லை. அதைத்தான் பெருமை என்று நினைத்திருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

முன்வரிசையில் உன் முதுகு தெரிந்தது. கூப்பிட வாய் வரவில்லை. "பட்லர் களைவெட்ட வந்துட்டாருடோய்" என்று லயத்தில் சிரிப்பார்களே என்ற பயம். பூசை முடியுமுன் பஸ் ஏறிவிட்டேன். கோழை என்றே வைத்துக்கொள்.

அந்தக் களைவெட்டு வேலை இன்னும் இருக்கிறதா? கங்காணியைக் கேட்டு எழுது. கப்பல் அங்கேயே இருக்கட்டும்.

இன்னாசிராஜ்

மேல்கரை எஸ்டேட்
6-10-1975

அத்தான்,

கங்காணி சுருளிவேலிடம் உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன். "வரட்டும்மா, ஆளு பத்தாமத்தான கெடக்கு" என்றார். சிரிக்கவில்லை.

நீங்கள் வந்தது எனக்குத் தெரியும். நீங்கள் கோவிலுக்குள் நுழைந்ததுமே செபமாலையம்மாள் என் முதுகில் இடித்து, "ஒங்க வீட்டுக்காரரு பின்னால நிக்காருக்கா" என்று சொல்லிவிட்டாள். திரும்பிப் பார்த்தால் ஓடிவிடுவீர்கள் என்று நான் திரும்பவில்லை. நன்மை வாங்கச் சாமியாரிடம் எழுந்து போனால், அப்பத்தை நாவில் வாங்கித் திரும்பி வரும்போது உங்கள் முகத்தைப் பார்த்தாக வேண்டும். அதனால் நன்மை வாங்கவும் எழுந்திருக்கவில்லை. முழங்காலில் அப்படியே இருந்தேன். அப்படியும் ஓடிவிட்டீர்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து முன்னால் நில்லுங்கள். எனக்கு நன்மை வாங்கவேண்டும்.

மேரி