ஆமாங்க சொல்லாத பிள்ளைகள்

டீமேக்கர் சாருக்கு,

இன்று காலை புது டீத்தூள் பாக்கெட்டைப் பிரித்தேன். லேசான கருகல் வாடை வந்தது. “டிரையர்ல சூட்டை ஏத்தி உட்டுட்டானுங்க” என்று என் வாய் தானாகச் சொல்லிற்று, அதுவும் உங்கள் ராகத்தில். கணக்கு டீச்சருக்கு டீத்தூளை மோந்து குறை கண்டுபிடிக்கிற வேலை எதற்கு? எல்லாம் உங்களோடு சேர்ந்ததால் வந்த வினை. அதே தூளில் டீ போட்டுக் குடித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் போய் நாலு மாதமாகிறது. உங்களிடம் நேரில் சொல்லாமல் விட்ட ஒன்றை இப்போதாவது சொல்லிவிட வேண்டும்.

தேயிலை விலை படுத்துக்கொண்ட வருடங்கள் அவை. கூடலூருக்கு மேலே ஓவேலிப் பக்கம் எஸ்டேட் எஸ்டேட்டாக வேலையைக் குறைத்தார்கள். நீங்கள் டீமேக்கராக இருந்த ஃபேக்டரியில் ரோலர் நின்றது, டிரையர் அணைந்தது, பறித்த கொஞ்சக் கொழுந்தும் வேறு ஃபேக்டரிக்குப் போனது. கடைசியில் உங்களையே பூட்டுக்குக் காவல் வைத்தார்கள். கோயமுத்தூரிலிருந்து இந்தப் பள்ளிக்கு மாற்றலாகி வந்து, எப்போது திரும்பிப் போவோம் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தவள் நான். ஒரு மத்தியானம் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றீர்கள். இஸ்திரி போட்ட சட்டை, கையில் பெரிய சாவிக்கொத்து.

“ஏனுங்க டீச்சர், நான் கெமிஸ்ட்ரி படிச்சவனுங்க. கையில நேரம் கெடக்குது. பன்னெண்டாவது புள்ளைங்க நல்ல காலேஜுக்குப் போறாப்புல எதாச்சும் பண்ணலாங்களா?”

யாரோ வேலையில்லாத ஆள், பொழுது போகாமல் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். முகத்திலும் காட்டிக்கொண்டேன். நீங்கள் கவனிக்காத மாதிரியே அடுத்த நாளும் வந்தீர்கள், அதற்கடுத்த நாளும் வந்தீர்கள். நான்காம் நாள் எனக்கே வெட்கமாகி ஆறு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஃபேக்டரிக்கு வந்தேன். ஆறு பேருமே லயத்துப் பிள்ளைகள், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். விலை விழுந்ததிலிருந்து பள்ளியை முடித்தவர்கள், முடிக்காதவர்கள் எல்லாம் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு பஸ் ஏறிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆறு பேரில் ஒருத்தியான புஷ்பராணிக்கும் அங்கே சித்தப்பா ஒருவர் இடம் சொல்லி வைத்திருந்தார். ஆனியில் வந்து கூட்டிப் போவதாக ஏற்பாடு. அதற்குள் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தால் படிப்பு, இல்லையென்றால் பனியன். அந்தப் பிள்ளைக்கு நடுவில் வேறு வழி கிடையாது.

டீ ருசி பார்க்கிற அறைதான் நம் வகுப்பறை. நல்ல வெளிச்சம், நீள மேஜை. நான் கணக்கு, நீங்கள் வேதியியல். பெங்களூரில் ஒரு கல்லூரியைப் பற்றி நீங்கள்தான் விசாரித்துக்கொண்டு வந்தீர்கள். நாடு முழுவதற்கும் சேர்த்து ஒரு வகுப்பறை கொள்ளும் அளவுக்குத்தான் இடம். எழுத்துத் தேர்வு, பிறகு தன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும், பிறகு இன்டர்வியூ. தேர்வைப் பற்றி எனக்குப் பயமில்லை. என் பிள்ளைகள் கணக்கில் கெட்டி. இங்கிலீஷில் பதில் சொல்ல வேண்டுமே என்று இன்டர்வியூதான் என்னைக் கலக்கியது, உங்களை அது கலக்கியது வேறு காரணத்துக்காக.

முதல் ஒத்திகையில் மேஜைக்கு அந்தப் பக்கம் நீங்கள் பெரிய ப்ரொஃபசர் மாதிரி உட்கார்ந்துகொண்டு கேட்டீர்கள்: “கவாத்து வெட்டுன மறுநாளே செடியில கொழுந்து எடுக்கலாம், இல்லீங்களா?”

செடியை மொட்டையாக வெட்டினால் துளிர்க்க மாதக்கணக்காகும் என்பது லயத்தில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். புஷ்பராணி கையைக் கட்டிக்கொண்டு, “ஆமாங்க சார்” என்றாள். அடுத்தவனும் “ஆமாங்க சார்.” ஆறு பேரும் வரிசையாக ஆமாங்க. எனக்குச் சிரிப்பு வந்தது. உங்களுக்கு வரவில்லை. எழுந்து போய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றீர்கள்.

“தெரியாம சொல்லலீங்க டீச்சர். தெரிஞ்சுதான் ஆமாங்குதுங்க. காலையில பேர் கூப்புடற எடத்துல அப்பனும் ஆத்தாளும் சொல்றதப் பாத்து வளந்த புள்ளைங்க. மேல இருக்கறவன் சொன்னா ஆமாங்கதான். அங்க இருக்கற ப்ரொஃபசர் வேணும்னே தப்பாக் கேட்டு ஆழம் பாப்பான். அவன்கிட்டயும் ஆமாங்கன்னா எந்திரிச்சுப் போம்பான்.”

அன்றிலிருந்து ஆரம்பித்தது உங்கள் கூத்து. தினமும் பத்துப் பொய். தண்ணீர் ஐம்பது டிகிரியில் கொதிக்கும், கூடலூரில் மழையே கிடையாது, உங்கள் கணக்கு டீச்சருக்குக் கோபமே வராது. கடைசிப் பொய்க்குக்கூட ஒரு பிள்ளையும் வாயைத் திறக்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

புஷ்பராணியின் அம்மா வேலை முடிந்து, முதுகுக் கூடையோடு ஃபேக்டரி வாசலுக்கே வந்துவிட்டார். சிலோனில் பிறந்து, கப்பலேறி வந்து, இங்கேயும் கொழுந்தெடுக்கிறவர். “சார், புள்ளய எதுத்துப் பேசப் பழக்காதீங்க. நாங்க காலையில பேர் கூப்புட பெரட்டுல நிக்கிற சனம். நாளைக்கு இவ எஸ்டேட் தொரைகிட்ட வாயக் காட்டினா எனக்கில்ல வேலைய நிப்பாட்டுவாங்க” என்றார். நீங்கள் அவருக்கு நாற்காலி போட்டீர்கள். அவர் உட்காரவில்லை. “எதுத்துப் பேச இல்லீங்கம்மா, தெரிஞ்சதச் சொல்லத்தான்” என்றீர்கள். அவர் சமாதானமாகாமலே போனார்.

மூன்றாவது வாரம் நீங்கள் மறுபடி அந்தக் கவாத்துக் கேள்வியைக் கேட்டீர்கள். புஷ்பராணி கட்டிய கையைப் பிரித்தாள். “இல்லைங்க சார். கவாத்து வெட்டினா துளிர் வர நாலு மாசமாவது ஆகும். எங்கம்மாகிட்ட வேணா கேட்டுப் பாருங்க.” நீங்கள் மேஜையைத் தட்டிச் சிரித்தீர்கள் பாருங்கள், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அன்று மட்டும் பெருமையைத் தராசில் போட முடிந்திருந்தால் உங்கள் ஃபேக்டரித் தராசு தாங்கியிருக்காது.

எழுத்துத் தேர்வில் அவள் ஒருத்திதான் தேறினாள். மற்ற ஐந்து பேரும் பிற்பாடு வேறு வேறு நல்ல கல்லூரிகளுக்குப் போனார்கள், அது தனிக் கதை. புஷ்பராணி தன்னைப் பற்றிய பக்கத்தை எழுதிக்கொண்டு வந்தாள். கசக்கிய கொழுந்து ஏன் செம்பு நிறமாகிறது, மழை நாளில் அதற்கு ஏன் நேரம் கூடுகிறது, அம்மாவின் கூடையிலிருந்து ஒரு பிடி எடுத்து அடுப்புப் பக்கம் ஒரு பாதியும் வாசலில் ஒரு பாதியும் வைத்துத் தான் பார்த்தது என்ன. அவ்வளவுதான் எழுதியிருந்தாள். எனக்குப் போதவில்லை. இங்கிலீஷைத் திருத்துகிற சாக்கில் நடுவே ஒரு பத்தி சேர்த்தேன். தேயிலை விலை விழுந்தது, அடுப்பு எரியாத நாட்கள், பசியோடு படித்த பிள்ளை. படிக்கிறவர் கண்ணில் தண்ணீர் வரும்படி எழுதியிருந்தேன். எழுதும்போது எனக்கே வந்தது.

அவள் வாசித்தாள். நீங்கள் பழக்கிய வார்த்தையை முதல் தடவை ஒத்திகைக்கு வெளியே சொன்னாள், அதுவும் என்னிடம். “இல்லைங்க டீச்சர். இது வேண்டாம். நாங்க பட்டினி கெடக்கல. எங்கம்மா ஒருநாளும் அப்படி விட்டதில்ல.”

நான் கொதித்துப் போனேன். ஊரெல்லாம் இப்படி எழுதித்தான் இடம் வாங்குகிறது, உனக்கு மட்டும் என்ன ரோஷம் என்று கத்தினேன். நீங்கள் தாளை வாங்கி அந்தப் பத்தியின் குறுக்கே ஒரே கோடு போட்டு அடித்தீர்கள். “புள்ள வேண்டாங்குதல்லங்க, உட்ருங்க டீச்சர். அந்தம்மா மூணு வேள பொங்கிப் போட்டுதான் இத இங்க அனுப்புது. நாம எழுதி அத இல்லைன்னு ஆக்கலாங்களா?”

சரி என்றேன். டைப் அடித்து அனுப்புகிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். இதுதான் நான் சொல்லாமல் விட்டது. கூடலூர் டைப்பிங் சென்டரில் உட்கார்ந்து, நீங்கள் கோடு போட்ட பத்தியையும் சேர்த்து அடிக்கச் சொன்னேன். ஆனி நெருங்கிக்கொண்டிருந்தது. சித்தப்பா தகவல் அனுப்பிவிட்டார். ரோஷத்தை வைத்துக்கொண்டு பனியனுக்குப் பிசிறு வெட்டவா அந்தப் பிள்ளை இவ்வளவு படித்தது என்று நினைத்தேன். கவரை ஒட்டித் தபாலில் சேர்த்துவிட்டு வந்து, “அனுப்பியாச்சுங்க சார்” என்று உங்கள் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

பெங்களூருக்கு நீங்களும் அவள் அம்மாவும் கூடப் போனீர்கள். திரும்பி வந்ததும் உள்ளே என்ன கேட்டார்கள் என்று துளைத்தேன். “என்னமோ கேட்டாங்க, புள்ள என்னமோ சொல்லுச்சு” என்று மழுப்பினீர்கள். புஷ்பராணி என் கண்ணைப் பார்க்கவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. இடம் கிடைத்துவிட்டது. அவள் அம்மா கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அழுதார். நீங்கள் ஃபேக்டரிச் சங்கை ஒரு தடவை ஊதிவிட்டீர்கள். வேலை திரும்பிவிட்டது என்று நினைத்து லயத்திலிருந்து நாலு பேர் ஓடி வந்ததும், அவர்களிடம் நீங்கள் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டதும் மறக்கவா முடியும்.

நான் மட்டும் உள்ளுக்குள் வேறொன்றும் சொல்லிக்கொண்டேன், சார். அந்தப் பத்திதான் வேலை செய்தது, நான்தான் அந்தப் பிள்ளையைக் கரையேற்றினேன் என்று. இத்தனை வருடமும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

உங்கள் காரியத்துக்கு உங்கள் சொந்த ஊர் மேட்டுப்பாளையத்துக்கு புஷ்பராணி வந்திருந்தாள். இப்போது அவளே பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லித் தருகிற ப்ரொஃபசர். இன்டர்வியூவில் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவள். பந்தலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, அன்று நடந்ததை முதல் தடவையாகச் சொன்னாள்.

“உள்ள போனதும் அந்தப் பத்தியத்தான் டீச்சர் படிச்சாங்க. ஒருத்தர் ரொம்ப இரக்கமா, ‘நீ பசியோடதான் படிச்சியாம்மா?’ன்னு இங்கிலீஷ்ல கேட்டாரு. ஆமான்னு தலையாட்டினாப் போதும், சீட்டு வந்துரும்னு தெரிஞ்சது. ‘நோ சார்’ன்னேன். ‘இத நான் எழுதல, மத்ததெல்லாம் நான் எழுதினது, அதுல கேளுங்க’ன்னேன். கொழுந்து செவக்கிறதப் பத்தி அரைமணி நேரம் கேட்டாங்க.”

எவ்வளவு பெரிய ஆபத்தில் அந்தப் பிள்ளையைத் தள்ளிவிட்டேன், அதிலிருந்து அவள் எப்படி ஏறி வந்திருக்கிறாள். அவமானமும் பெருமையும் ஒரே நேரத்தில் வந்தால் என்ன செய்வதென்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கடைசியில் பெருமைதான் நின்றது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சாரிடம் சொல்லாமலே விட்டுவிட்டேனே என்று அழுதேன்.

“சாருக்குத் தெரியும் டீச்சர். வர்றப்ப மைசூர் பஸ் ஸ்டாண்டுல நானே சொல்லிட்டேன். ‘டீச்சர்கிட்டக் கேட்டுராத சாமி. உன்ன நெனச்சுப் பயந்துதான் பண்ணியிருப்பாங்க’ன்னாரு. அப்புறம் அதப் பத்திப் பேசவே இல்ல.”

புஷ்பராணி போன பிறகு எத்தனை வருடம், எத்தனை பிள்ளைகள், சார். ஃபேக்டரி மறுபடி ஓடத் தொடங்கிய பிறகும் ஷிஃப்ட் முடிந்து வந்து உட்காருவீர்கள். மாற்றல் கேட்டு நான் எழுதி வைத்திருந்த மனு அப்படியே கிடந்து மட்கியது. அவள் போன அடுத்த வருடமும் ஒரு பையனின் விண்ணப்பத்தை என்னிடம்தான் கொடுத்து, “நீங்களே போட்டுருங்க டீச்சர்” என்றீர்கள். அவனுக்கும் ஒரு கண்ணீர்ப் பத்தியை அடித்துத் தயாராகக் கைப்பையில் வைத்திருந்தேன். உங்கள் கவரை வாங்கிப் பார்த்தால் அது ஒட்டியிருக்கவில்லை. தபாலாபீஸில் பசை டப்பாவுக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். என்னமோ மனசு வரவில்லை. உள்ளே இருந்ததை அப்படியே ஒட்டிப் போட்டேன். அதற்கப்புறம் ஒரு பிள்ளையின் தாளிலும் நான் ஒரு வரி சேர்த்ததில்லை.

“ஒட்டியே குடுக்கலாமில்லங்க?” என்று ஒரு தடவை கேட்டேன். “நீங்க ஒட்டினாத்தானுங்க ராசி” என்று சிரித்தீர்கள். எல்லாம் தெரிந்தே, வருடம் தவறாமல், ஒட்டாத கவரைத்தான் என் கையில் கொடுத்திருக்கிறீர்கள்.