எதிர் வீட்டுக்கு வந்த ஜோடி

போர்ட் எலிசபெத்,
வியாழக்கிழமை.

அன்பு மகள் புலெல்வாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் நல்ல சுகம், முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்பே தகவல் சொல்லிவிடுகிறது. நீயும் அயர்லாந்தில் சுகம் என்று போனில் சொன்னாய். உன் குரலை நான் முழுசாக நம்புவதில்லை, உன் அம்மாவும் காய்ச்சலோடு இதே குரலில்தான் பேசுவாள். ஆஸ்பத்திரி வேலை எங்கும் ஓடிப்போகாது, நேரத்துக்குச் சாப்பிடு.

இங்கே நம் குடியிருப்பு விஷயம் கொஞ்சம் மோசம்தான். உன்னிடம் மறைத்து வைத்திருந்தேன். இந்த மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள், குழாய் மராமத்தாம், முடிந்ததும் திரும்பி வரலாமாம். எதிர் வீட்டு மாட்லோமோ அக்காவிடமும் போன குளிர்காலத்தில் இதையேதான் சொன்னார்கள். அவள் மகன் வீட்டுத் தகரக் கொட்டகைக்குப் போனவள், இன்னும் அங்கேதான் கிடக்கிறாள். மராமத்துக்காரன் எவனும் வரவில்லை. வெள்ளிக்கிழமையானால் சக்கரம் வைத்த பெட்டிகள் மாடி ஏறும், கடல் பார்க்க வந்த கூட்டம், ஞாயிற்றுக்கிழமை இறங்கும். அரசாங்கம் பணம் போட்டு, சம்பளம் குறைந்தவர்களுக்குக் குறைந்த வாடகைக்கு விடச் சொல்லி இந்தக் கம்பெனியிடம் கொடுத்த கட்டடம் இது. இவர்கள் நம்மை ஒவ்வொருவராகக் கிளப்பிவிட்டு லாட்ஜ் நடத்துகிறார்கள் என்று எனக்கு அப்போதே சந்தேகம். பேருந்து ஓட்டிய காலத்தில் டிக்கெட் எடுக்காதவனை முதுகைப் பார்த்தே கண்டுபிடித்தவன் நான். மேனேஜர் கமோஹெலோ நல்ல பையன் மாதிரி சிரிப்பான். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வந்தவன், நம் பேச்சைக் கற்றுக்கொண்டான், நம் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளவில்லை. மகள் வெளிநாட்டில் இருக்கிறாளாமே என்று ஒரு நாள் ரொம்பப் பிரியமாக விசாரித்தான். நான் உன்னிடம் கிளம்பினால் இந்த வீடும் காலி என்று கணக்குப் போட்டிருக்கிறான்.

செவ்வாய்க்கிழமை அரசாங்கத்திலிருந்து சோதனைக்கு வந்தார்கள், இந்தமாதிரி வீடுகளைக் கண்காணிக்கிற அலுவலகமாம். அதற்கு முன்தினமே படிக்கட்டுக்குப் பெயின்ட் அடித்தார்கள், அதிகாரி ஏறி வரப்போகிற பக்கம் மட்டும். பின்பக்கப் படி பழையபடி அழுது வடிகிறது. வந்த அதிகாரி அம்மா பெயர் சோலிஸ்வா, நம் பக்கத்துக்காரிதான், பேச்சிலேயே தெரிந்தது. ஆனால் வந்தவுடன் மேனேஜர் கொடுத்த டீயையும் கேக்கையும் வாங்கிக்கொண்டாள். சரி, இதுவும் அதே குட்டையில் ஊறியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மாட்லோமோ வீட்டுக் கதவைத் திறந்தார்கள் பார், உள்ளே ஒரு புருஷன் பெண்டாட்டி! காலையில்தான் ஒரு பையோடு வந்ததை என் ஜன்னலிலிருந்து பார்த்திருந்தேன். இரண்டு வருஷமாக இங்கேதான் குடியிருக்கிறோம், குறையே இல்லை என்று ஒப்பிக்கிறார்கள். அந்த அம்மாவும் தலையாட்டி எழுதிக்கொள்கிறாள். எனக்கு ரத்தம் கொதித்தது. சண்டை போட்டால் கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பான் அந்த மேனேஜர். அதனால் என் கதவை விட்டு எதிரே போய் வணக்கம் சொன்னேன். அதற்குமேல் என்ன பேசுவது என்று தெரியவில்லை, புது முகத்தைப் பார்த்தால் நாம் வழக்கமாகக் கேட்பதையே கேட்டேன், தம்பி எந்தக் குலம் என்று. அவன் சட்டென்று நிமிர்ந்து, பேலே குலம் என்று சொல்லி, பாட்டன் பூட்டன் பெயரெல்லாம் வரிசையாக அடுக்கினான். சபாஷ் என்று நினைத்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம், நீ எந்த வீட்டுப் பொண்ணும்மா என்றேன். அவள் குனிந்து, கையைக் கட்டிக்கொண்டு, "நான் மாபேலே, தாத்தா" என்றாள்.

நம் பெண்கள் கல்யாணமானாலும் பிறந்த வீட்டுக் குலத்தைத்தானே சொல்வார்கள்? இவனும் பேலே, இவளும் பெண்ணுக்குரிய மா சேர்த்த அதே பேலே! அந்த அம்மாவின் பேனா நின்றது. மேனேஜர் மட்டும், பாருங்கள் எவ்வளவு மரியாதையாகப் பழகுகிறார்கள் என்று சிரித்துக்கொண்டிருக்கிறான், மடையன். அந்த அம்மா மெதுவாக, "ஏன் தம்பி, சொந்தக் குலத்துலேயா பொண்ணு கட்டின?" என்றாள். பையன் முகம் செத்துவிட்டது. "ஐயோ அம்மா, அப்படிச் சொல்லாதீங்க, இவ எனக்குத் தங்கச்சி முறை. நாங்க கம்பெனியோட இன்னொரு கட்டடத்துல வாசல் காவல் பாக்கறவங்க" என்றான், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாவம், மேல் அதிகாரி சொன்னால் பொய்ப் புருஷனாக நிற்கிறான், ஆனால் செத்துப்போன பாட்டன் காது கேட்கப் பொய்க் குலம் சொல்ல வாய் வரவில்லை. அவன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

பிறகு அந்த அம்மா கேக்கை வைத்துவிட்டு அலமாரிகளைத் திறந்தாள். வெள்ளைத் துண்டுகள், காகிதம் பிரிக்காத சின்னச் சின்ன சோப்புகள். என்னை யாரும் இப்போதைக்குக் கிளப்பக் கூடாது என்று மேனேஜரிடம் என் முன்னாலேயே சொன்னாள். மாட்லோமோ எப்போது திரும்பி வருவாள் என்று கேட்டேன். விசாரணை முடியட்டும் என்றாள். முடியட்டும் என்பது எவ்வளவு நீளமான வார்த்தை என்று உனக்குத் தெரியும். நேற்று மேனேஜர் மீதிக் கேக்கைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வந்தான். நான் கதவைத் திறக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்புவதாகச் சொன்ன விமான டிக்கெட் வேண்டாம். உன்னைப் பார்க்க ஆசை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் பூட்டிவிட்டு வந்தால், திரும்பும்போது என் கட்டிலில் எந்த ஜோடி உட்கார்ந்து எனக்கே வணக்கம் சொல்லுமோ. எதிர்க் கதவில் மாட்லோமோ திரும்பி வந்து நிற்கும்வரை நான் இந்த வாசலை விட்டு நகர மாட்டேன். நீ கோபித்துக்கொள்ளாதே.

நம் முன்னோர் உன் பின்னால் நிற்கட்டும், உன் வழியில் கல் முள் இல்லாமல் இருக்கட்டும். ஒன்று மறக்காதே. உன்னோடு வேலை பார்க்கிற நம் ஊர்ப் பையனைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினாய், படிப்பு, குணம், உயரம் எல்லாம் இருக்கிறது, குலத்தைக் காணோம். முதலில் அதைக் கேள்.

உன் கதவுக்குக் காவலாக இங்கேயே இருக்கும்,
அப்பா வுயிசிலே.