ஏரியிலிருந்து வந்த கியர் குமிழ்

அச்சோலா அப்பா,

ஒமேனா மீன் குழம்பு சட்டியில் இருக்கிறது. உகாலிக் களியை இன்று நீங்களே கிண்டிக்கொள்ளுங்கள்; ஆம்பளை கை ஒன்றும் தேய்ந்துவிடாது.

நீங்கள் கிசுமு பழைய சாமான் கடையில் வாங்கி நம் வண்டியில் மாட்டிய கியர் குமிழைக் கழற்றிவிட்டேன். விரிசல் விட்ட நம் குமிழையே திரும்பப் பொருத்தியிருக்கிறேன். நீங்கள் வாங்கியதைக் காலையில் தொட்டால் ஈரமாக இருக்கிறது என்றதற்கு, "பேயும் இல்ல, பிசாசும் இல்ல, போய்ப் படுடி" என்று சிரித்தீர்கள். அதன் அடியில் சிவப்புப் புள்ளி இருக்கிறது. என் தம்பி ஒகுத்துவின் காரில் உட்கார்ந்து நகப்பூச்சு போடும்போது நான் சிந்தியது அது.

அந்தக் கார் அவனோடு ஏரிக்குள் போனது. இன்றுவரை மேலே வரவில்லை. உடல் கிடைக்காமல், நம் வழக்கப்படி யாகோ மரத்துக் காயைத்தானே அவனுக்குப் பதிலாகப் புதைத்தோம்? குமிழ் மட்டும் எப்படிக் கரையேறியது?

அவன் குழியிலேயே இதையும் புதைத்துவிட்டு வருகிறேன். சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது.

அபோந்தி

பின்குறிப்பு: வண்டி நிற்கும்போதெல்லாம் ஒகுத்து குமிழின் பட்டனை டக் டக்கென்று அமுக்கிக்கொண்டே இருப்பானே, ஞாபகம் இருக்கிறதா? இப்போது என் கைப்பைக்குள் அந்தச் சத்தம் கேட்கிறது.